என் காரின் டைமிங்கும் என் வீட்டுக்காரரும்

எனக்குக் கோபம் வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பேசி முடித்த பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். பொங்கலன்றும் அப்படித்தான் ஆனது. சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரம். என் வீட்டுக்காரரின் தம்பி, எனக்குக் கொழுந்தன், ஒரே காம்பவுண்டில் அடுத்த வீட்டில் இருப்பவன், பாயசத்தை வழித்துக்கொண்டே என் காரைப் பற்றி ஆரம்பித்தான்.

“மதினி, அந்தப் பழைய இரும்பை எப்பத்தான் தூக்கிப் போடப் போறீக? ஷெட்டுல பாதிய அதுதான் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. மாசியோட ஆர்.சி.யும் முடியுது. செட்டியார்பட்டியில ஒரு ஆளுகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். வந்து பிரிச்சு எடுத்துட்டுப் போயிருவாரு.”

என் காரைப் பிரிக்க இவன் ஆள் சொல்லி வைத்திருக்கிறானாம்! எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. இவனுடைய புதுக் கார் வெயிலில் நிற்கிறது, அதற்கு நிழல் வேண்டும், அதற்காக என் கார் பழைய இரும்பாகிவிட்டது.

“ஏலே, அது ஓடுற வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போயி ஆர்.சி.யைப் புதுப்பிச்சுக் காட்டுதேன். இன்ஸ்பெக்டர் ஆகாதுன்னு சொல்லிட்டாருன்னா, அங்கனயே சாவியை உன் செட்டியார்பட்டி ஆளு கையில குடுத்துருதேன். போதுமா?”

பந்தியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. சொன்ன சொல்லை இனி மாற்ற முடியாது. மாற்றினால் எங்கள் குடும்பத்தில் அடுத்த பொங்கல் வரை வேறு பேச்சே இருக்காது. என் வீட்டுக்காரர் மட்டும் தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். “என்னங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்றேன். “மோர் இருக்கா?” என்றார்.

அந்தக் கார் எனக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தறிக்கூடம் ஒன்று நடத்துகிறேன். தறிக்கூடம் வாடகைக் கட்டிடம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. நகையெல்லாம் பாங்கில் இருக்கிறது. என் பெயரில், என் கையெழுத்தில், இந்த உலகத்தில் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். ஒரு காலத்தில் கலெக்டரிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரை எல்லாரும் ஏறிப் போன அந்த உருண்டை முதுகுப் பெட்ரோல் காரை நானே போய்ப் பார்த்து, நானே ஓட்டிப் பார்த்து வாங்கினேன். டிக்கியிலும் பின்சீட்டிலும் துணி பேல்களை அடைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரம் தவறாமல் போய் வந்தேன். பொம்பளை கார் ஓட்டுகிறாளே என்று அப்போது ரோட்டில் வாயைப் பிளந்து பார்த்த இளவட்டங்கள் எல்லாம் இப்போது மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறார்கள். என் கார் இன்னும் ஓடுகிறது. பழசின் மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய மிக்சியை, பழைய டி.வி.யை எல்லாம் யோசிக்காமல் எடைக்குப் போட்டவள் நான். இந்தக் கார் என்னுடையது. அவ்வளவுதான் விஷயம்.

ஆர்.சி. புதுப்பிப்பதற்கு வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓட்டி, திருப்தியானால்தான் கையெழுத்து. அதனால் தை பிறந்ததும் வண்டிக்கு எல்லா வேலையும் பார்த்தேன். பிரேக் பார்த்தாகிவிட்டது. விளக்கெல்லாம் எரிந்தது. கடைசியாக, பிளக்கில் பொறி வரவைக்கிற பாயிண்ட் செட் தேய்ந்து போயிருந்தது, அதைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். பாயிண்ட் மாற்றினால் டைமிங்கும் புதிதாக வைக்க வேண்டும். வழக்கமாக எனக்கு வேலை பார்த்த மெக்கானிக் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் கையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியோடு பானெட்டுக்குள் தலையை விட்டு, செத்த நேரம் தேடினான்.

“அக்கா, இதுல ஸ்கேனர் வயரை எங்க சொருகுறது?”

“எங்கயும் சொருக முடியாது தம்பி. காபி சாப்பிட்டுட்டுப் போ” என்று அனுப்பிவிட்டேன். நானே வைத்துவிடலாம் என்ற தைரியம்தான்.

தறி ஓட்டுகிறவளுக்கு டைமிங் என்பது புரியாத சங்கதி இல்லை. பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடுகிற அந்த நேரத்தில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா பாய வேண்டும். முந்தினாலும் நூல் போச்சு, பிந்தினாலும் நூல் போச்சு. எஞ்சினிலும் அதே கதைதான். பிஸ்டன் பெட்ரோல் ஆவியை அமுக்கிக்கொண்டு உச்சிக்கு வருகிற நேரம் பார்த்து பிளக்கில் பொறி விழ வேண்டும். பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் முடிவு செய்கிறது. அதன் கழுத்து போல்ட்டைத் தளர்த்தி இந்தப் பக்கம் திருப்பினால் பொறி முந்தும், அந்தப் பக்கம் திருப்பினால் பிந்தும்.

பிஸ்டன் உள்ளே இருக்கிறது, அது உச்சிக்கு வந்தது வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் மூஞ்சியில் ஃபேன் பெல்ட்டைச் சுற்றுகிற புல்லி இருக்கிறதே, அதன் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. எஞ்சின் உடம்பில் ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டு கூருக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியை நிறுத்தி, வயரில் ஒரு பல்பை மாட்டிக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கிற இடத்தில் பல்ப் எரியும். எரிந்த இடத்தில் போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. போனில் ஒரு வெள்ளைக்காரர் இதைத்தான் வீடியோவாகச் செய்து காட்டினார். வெட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதில் வெள்ளை பெயிண்டை ஒரு கோடாகத் தடவினார். வேலை முடிந்த பிறகும் அவர் கை சுத்தமாக இருந்தது. அதை மட்டும் நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். உதவிக்கு என் வீட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். இத்தனை வருஷமாக அந்தக் காரில் எனக்குப் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார், பிரேக் எது கிளட்ச் எது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. குளித்து, சந்தனம் அரைத்து, சாமிக்கு வைத்து, தானும் வைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும். வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு பார்க்க முடியாது. போன ஐப்பசியில் ஒரே ஒரு நாள் வேட்டி முனையில் கன்னங்கரேலென்று கிரீஸ் கறையோடு வந்து நின்றார். எங்கே பட்டது என்று எத்தனை தரம் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊறவைத்துத் துவைத்தும் போகவில்லை. ஒரு வாரம் வைதேன்.

“பின்னால போயி மெல்லத் தள்ளுங்க. டாப் கியர்ல கெடக்கு, வண்டி நகர்ந்தா எஞ்சினும் சேந்து சுத்தும். நான் நில்லுன்னதும் நின்னுரணும்” என்று சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து படுத்தவாக்கில் புல்லியைப் பார்த்தேன். சுற்றிலும் கருப்புப் பிசுக்கு. வெட்டும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அவர் தள்ளத் தள்ளப் புல்லி திரும்பியது. திடீரென்று அந்தக் கருப்புக்கு நடுவில் மங்கலாக, வெளுப்பாக ஒரு கோடு வந்தது.

“நில்லுங்க, நில்லுங்க!” என்று கத்தினேன். வந்துவிட்டது! கோயம்புத்தூருக்குப் போன மெக்கானிக் புண்ணியவான், எனக்காகவே பெயிண்ட் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மனசுக்குள் அவரை வாழ்த்தினேன்.

கோட்டைக் கூருக்கு நேராக நிறுத்தி, பல்பை அவர் கையில் கொடுத்தேன். நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். அவர் கூட்டுறவு சங்கத்தில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“எரியல. எரியல. எரியுது. அணைஞ்சிருச்சு. எரியுது.”

“ஆட்டாம நில்லுங்க. இப்ப?”

“எரியுது.”

போல்ட்டை முறுக்கினேன். உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரைப் போட்டேன். எஞ்சின் மொணமொணவென்று முனகி, ஒருவழியாகப் பிடித்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டேன். டமார்! சைலன்சரில் வெடித்த வெடியில் தெருவே குலுங்கியது. தறிக்கூடத்தில் மோட்டார் வெடித்துவிட்டது என்று நினைத்து நாலு பொம்பளைகள் பின்கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வத்தலைத் தின்ற காக்காயெல்லாம் ஒரேயடியாகப் பறந்தன. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜா ஒருவர் வெள்ளை வேட்டைநாய் வளர்க்கிறார். அது மட்டும் கேட்டில் தலையைச் சாய்த்துப் படுத்தபடி அசையவில்லை. “ஆஹா, எம்புட்டு தைரியம்!” என்றேன். “தைரியமெல்லாம் இல்லம்மா, அதுக்குப் பொறவியிலேயே காது கேக்காது. தமிழுல கூப்பிட்டாலும் வராது, தெலுங்குல கூப்பிட்டாலும் வராது” என்றார் ராஜா. அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் நிம்மதியாகத் தூங்கிய ஜீவன் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அந்த வாரம் முழுவதும் நான் விடவில்லை. டைமிங்கைத் திரும்ப வைத்தேன். டமார். இன்னும் கவனமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கோடு கூருக்கு நூல் பிசகாமல் நிற்கும்படி வைத்தேன். டமார், டமார். காயிலை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், பிளக் வயரை மாற்றினேன், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். எஞ்சின் கொதித்தது. இழுவையே இல்லை. தெருமுனை மேட்டில் ஏறுவதற்குள் என்னைச் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனான். கோடு மட்டும் கூருக்கு நேராக, அச்சு அசலாக நின்றது. என் ஆயுசில் ஒரு தப்பை அவ்வளவு துல்லியமாக நான் செய்ததே இல்லை.

கொழுந்தன் காம்பவுண்டு சுவரில் சாய்ந்துகொண்டு யோசனை சொன்னான். “மதினி, கோடு கீடெல்லாம் பாக்காதீக. எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கிட்டே காதை வச்சுக் கேளுங்க. சத்தம் எங்கன சுகமா இருக்கோ அங்கன முறுக்கிருங்க.”

அது ரொம்ப நல்ல யோசனை. சொன்னது அவன். ஆகவே அதைச் செய்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். “கோடுன்னா கோடுதான். உன் காதை நம்பி நான் வண்டி ஓட்டல” என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், கையெல்லாம் கிரீசோடு ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் பயமாகவும் இருந்தது. நாளைக்கு இந்த நேரம் என் கார் செட்டியார்பட்டியில் கதவு தனியாக, டயர் தனியாகக் கிடக்கும். வீட்டுக்காரர் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

“போனாப் போகுது, குடுத்துரு. இதுக்குப் போயி ஏன் உடம்பைக் கெடுத்துக்கிடுத?”

தம்பிக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. “உங்களுக்கு என்ன, அது ஓடுனா என்ன, உடைஞ்சா என்ன? சும்மா உக்காந்து வாறவுகதானே நீங்க!” என்று கத்திவிட்டேன். அவர் தம்ளரை மூடி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். இவர் குளித்து, பொட்டு வைத்து, வெள்ளை வேட்டி சட்டையோடு பக்கத்து சீட்டில் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டார். பின்னாலேயே கொழுந்தனும் தன் புதுக் காரில் கிளம்பினான். அவன் பக்கத்தில் செட்டியார்பட்டி ஆள். “சும்மா துணைக்கு வாரோம் மதினி!” துணையாம். செட்டியார்பட்டி ஆள் தங்கமான மனுஷர்தான், என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். ஆனால் என் காரை அவர் பார்த்த பார்வை, கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எந்த இடம் எவ்வளவு தேறும் என்று கண்ணாலேயே கூறு போட்டுவிட்டார்.

ராஜபாளையத்தைத் தாண்டுவதற்குள் வண்டி ஆறேழு வெடி போட்டுவிட்டது. சாலையோரம் நின்றவர்கள் கட்சிக்காரர் யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். பாதி வழி போவதற்குள் சூட்டு முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. எதிரே ஒரு புளியமரம், அதன் கீழே ஓர் இளநீர் வண்டி. அங்கே போய் நின்ற வண்டி, அதற்கு மேல் முனகக்கூட இல்லை.

கொழுந்தன் இறங்கி வந்தான். அவன் முகத்தில் துக்கம் இருந்தது, அந்தத் துக்கத்துக்குப் பின்னால் ஷெட்டின் நிழலும் இருந்தது. “பாவம் மதினி. நீங்களும் எம்புட்டோ பாத்துட்டீக. இங்கனயே முடிச்சுக்கிடலாமே?”

“ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூடிட்டாங்களா? மூடலைல்ல? அப்ப வாயை மூடு. மொதல்ல எஞ்சின் ஆறட்டும்” என்றேன். இளநீர்க்காரர் ஆளுக்கொரு இளநீரை வெட்டிக் கொடுத்தார். கோபத்தில் எனக்குக் குடிக்கக்கூட முடியவில்லை. காயைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே போட்ட ஸ்ட்ரா தண்ணீரில் மெல்ல மேலே எழும்பியது. விரலால் அழுத்தினேன், இறங்கியது. விட்டேன், எழும்பியது.

எனக்குச் சுரீர் என்றது. பிஸ்டன் உச்சியில் இருக்கிறதா என்று கோட்டைக் கேட்டேனே தவிர, பிஸ்டனையே நான் கேட்கவில்லையே!

“என்னங்க, அந்தப் பிளக் ஸ்பேனரை எடுங்க. ஏலே, நீயும் அந்த அண்ணாச்சியும் பின்னால போயித் தள்ளுங்க.” என் காரைப் பிரிக்க வந்த மனுஷரே மரியாதையாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளப் போனார். கொழுந்தன் சலவை சட்டையோடு அவர் பக்கத்தில் நின்றான். நான் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் புது ஸ்ட்ரா ஒன்றை இறக்கி, விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டேன். “நீங்க கீழ புல்லியைப் பாருங்க. வெள்ளைக் கோடு கூருக்கு நேரா வந்ததும் சொல்லணும்” என்று இவரிடம் சொன்னேன்.

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஸ்ட்ரா என் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. வந்தது, வந்தது, நின்றது. உச்சி! இவர் சத்தமே காட்டவில்லை. ஸ்ட்ரா இறங்க ஆரம்பித்தது. இறங்கி, நன்றாக இறங்கிய பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

“இப்ப நேரா வந்துருச்சு.”

அப்படியானால் இத்தனை நாளும் பிஸ்டன் உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வழியில்தான் நான் பொறியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ் போன பிறகு கை காட்டிய கதை. வெடிக்காமல் என்ன செய்யும்? சரி, அப்படியென்றால் இந்தக் கோட்டை எந்த மடையன் வைத்தான்?

குனிந்து, கையை விட்டு, அந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் இப்படிப் பொடியாக உதிராது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எஞ்சின் சூட்டில் லேசாக மணத்தது. எங்கள் வீட்டுச் சாமி அறை மணம்.

“என்னங்க.”

“ம்.”

“இது சந்தனம்.”

அவர் எழுந்து நின்று புளியமரத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ தெரியாது.

“ஆயுத பூசை அன்னிக்கு நீ தறிக்குப் பொட்டு வைக்கப் போயிட்டேல்ல. செத்த நேரம் சும்மாதான இருக்கோம்னு பானெட்டைத் திறந்து வச்சேன்.”

“ஸ்டியரிங்குல வைப்பாக, பானெட்டுல வைப்பாக. யாராவது இதுக்குள்ள கையை விட்டுப் புல்லியில வைப்பாகளா?”

“நீதான சொன்ன. பெல்ட்டு அந்துபோன அன்னிக்கு. இந்தச் சக்கரம் சுத்தலைன்னா இந்த வண்டியில ஒண்ணுமே சுத்தாதுன்னு. அப்ப அதுக்குத்தான மொதப் பொட்டு வைக்கணும்? ஒரே எண்ணெயா இருந்துச்சு. வேட்டியால துடைச்சுட்டுத்தான் வச்சேன்.”

பெல்ட் அறுந்த அன்று அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன், இந்த மனுஷன் காதில் எங்கே ஏறப்போகிறது என்று. ஏறியிருக்கிறது. ஐப்பசி வேட்டிக் கறையும் அதுதான். ஒரு வாரம் வைதேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

“அப்பொறம் ஏன் நேத்து குடுத்துரு, குடுத்துருன்னீக?”

“நீ அழுதுக்கிட்டு இருந்த” என்றார்.

வண்டிக்குப் பின்னாலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “அண்ணே, நல்லா வச்ச போ பொட்டு! எனக்காக வச்ச மாதிரியே வச்சிருக்க!” என்று சிரித்தான். எனக்கு வாய் வரை வந்த வசவு எல்லாம் இவருக்கென்று எடுத்து வைத்தது. அதை அப்படியே அவன் பக்கம் திருப்பிவிட்டேன். இங்கே எழுத முடியாது. செட்டியார்பட்டி அண்ணாச்சிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மறுபடி தள்ளச் சொல்லி, ஸ்ட்ரா உச்சியில் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இளநீர்க்காரரிடம் ஒரு மட்டையை வாங்கி, பெட்ரோலில் நனைத்து, கூருக்கு நேரே புல்லி விளிம்பைத் தேய்த்தேன். பிசுக்கு கரைந்து வழிந்தது. அடியில் நிஜமான வெட்டு இருந்தது, ஒரு நெல் கிடக்கிற அளவுக்கு. ஆனால் அந்த இருட்டுக்குள் கருப்பும் கருப்பும் சேர்ந்து, பல்பைப் பார்க்கவா வெட்டைப் பார்க்கவா என்று ஆனது. ஸ்ட்ரா காட்டுவது உத்தேசம்தான், நூல் பிசகாமல் நிறுத்த வெட்டில் அடையாளம் வைக்க வேண்டும். சாக்பீஸ் கேட்டேன், யாரிடமும் இல்லை. பெயிண்டுக்கு எங்கே போவது?

இவர் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். பிறகு மறுபடி தொட்டார்.

“என்ன அது?”

“வேலை முடிஞ்சா கோயிலுக்குப் போலாம்னு…” காகிதப் பொட்டலத்தை நீட்டினார். காலையில் அரைத்த சந்தனம்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. “குனிங்க” என்றேன். “வைங்க. இந்த வெட்டுல வைங்க.”

“இங்கனயா?”

“ஒரு நூல் கீழ. ஆங், அங்கதான்.”

அவர் பொட்டலத்தில் இரண்டு சொட்டு இளநீரை விட்டுக் குழைத்து, வெட்டில் பட்டும் படாமல் ஓர் இழு இழுத்தார். அதற்கு முன்னால் வேட்டி முனையால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்தார். இந்தத் தரம் நான் வையவில்லை. பிறகு பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

“எரியல. எரியல. எரியல. எரியுது.”

முறுக்கினேன். பிளக்கை மாட்டினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே ஏறினேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. வெடியும் இல்லை, முனகலும் இல்லை. தறி நல்லபடியாக ஓடுகிறபோது வருமே, அந்தச் சீரான சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தேன், ஏறியது. விட்டேன், இறங்கியது. செட்டியார்பட்டி அண்ணாச்சி பானெட்டில் கையை வைத்துக் கேட்டுவிட்டு, கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இம்புட்டு நல்ல எஞ்சினை எதுக்குப் பிரிக்கச் சொல்லுதீக?”

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கொழுந்தனின் புதுக் காரை என்னை முந்த விடவில்லை. அது தேவையில்லாத வேலைதான். இருந்தாலும் செய்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வயசு குறைவுதான், என் மூத்த பையன் வயசு இருக்கலாம். சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பார்த்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. சாவி என் கையில் இருந்தது, செட்டியார்பட்டி அண்ணாச்சி எனக்கு மூன்றடி தள்ளி நின்றார்.

“என்னம்மா இது? எல்லாரும் மேல பொட்டு வைப்பாங்க. நீங்க புல்லிக்குள்ள போய் வச்சிருக்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு முன்னால் வந்தார். வேட்டி முனையில் கன்னங்கரேலென்று கிரீஸ்.

“அது பொட்டு இல்ல சார். டைமிங் மார்க்கு. அது இந்தக் கூருக்கு நேரா வரும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும். அப்பத்தான் முதல் பிளக்குல பொறி விழணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.”

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். கொழுந்தன் தன் அண்ணனை அதற்கு முன்னால் பார்த்தே இராதவன் மாதிரி பார்த்தான். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“அய்யாதான் மெக்கானிக்கா?”

“ஆமா சார்” என்றேன். “எங்க வண்டிக்கு டைமிங் வைக்கிறது அவுகதான்.”